வீட்டுத் தையலுக்கான துணித் தேர்வும் தயாரிப்பும்

வீட்டில் ரவிக்கை, பாவாடை, சுடிதார், தலையணை உறை போன்றவற்றைத் தைப்பதற்கு முன், ஏற்ற துணியைத் தெரிந்தெடுத்து, அளவறிந்து வாங்கி, வெட்டுவதற்குரிய நிலைக்குக் கொண்டுவருவது வரையிலான பணிகள் துணித் தயாரிப்பு எனப்படும். தைத்த உடை முதல் சலவைக்குப் பின் சிறுத்துப்போவது, கோணிக்கொள்வது, சாயம் இறங்குவது ஆகிய மூன்று குறைகளும் பெரும்பாலும் தையலால் வருபவை அல்ல. கத்தரிக்கோல் எடுப்பதற்கு முன் செய்யத் தவறியவற்றால் வருபவை.

புதுச்சேரிப் பகுதியும் பருத்தித் துணியும்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. 1945-இல் அங்கு அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், கிடைத்த செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயமிடப் பயன்பட்டவை எனக் கருதினார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 'கினே' எனப்பட்ட அடர்நீலப் பருத்தித் துணி புதுச்சேரியிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் பகுதிக்கு ஏற்றுமதியானது. அங்கு அரபிப் பிசின் வணிகத்தில் அது பணத்தைப் போலவே கைமாறியது. பின்னர் நகரில் பெரிய பஞ்சாலைகளும் இயங்கின. இன்று இப்பகுதியில் வீட்டுத் தையலுக்குத் துணி வாங்குவோர் நகரின் துணிக்கடைகளையும், காந்தி வீதியில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையையும் நாடுகின்றனர்.

துணியின் அமைப்பு

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல் பாவு. அதன் குறுக்கே ஓடும் நூல் ஊடை. துணியின் இரு பக்கங்களிலும் பிரியாமல் இருக்கும் விளிம்பு ஓரக்கரை. பாவு நூல் ஓரக்கரைக்கு இணையாகச் செல்லும். பாவுத் திசையில் துணி குறைவாகவும், ஊடைத் திசையில் சற்றுக் கூடுதலாகவும், மூலைவிட்டத்தில் மிகுதியாகவும் இழுபடும். மூலைவிட்டமாக வெட்டுவதைத் தையற்காரர்கள் 'கிராஸ்' என்பர். கழுத்துப் பட்டிக்கு வளைந்து கொடுக்கும் துணி தேவை என்பதால் அது கிராஸில் வெட்டப்படுகிறது.

துணி வகைகள்

- மல்மல், வாயில்: மெல்லியவை. கடலோர ஊர்களின் புழுக்கத்துக்கும் குழந்தை உடைக்கும் ஏற்றவை. வெட்டும்போது நழுவும்.
- பாப்ளின், கேம்ப்ரிக்: நெருக்கமான நெசவு கொண்டவை. புதிதாகத் தையல் பழகுவோருக்கு எளியவை.
- ரூபியா: ரவிக்கைக்குப் பெரிதும் பயன்படுவது. பல நிறங்களில் கிடைப்பதால் புடவைக்கு இணை சேர்ப்பது எளிது.
- காடாத் துணி: வெளுக்காத பருத்தி. விலை குறைவு. மாதிரி வெட்டிப் பார்க்கவும் பை தைக்கவும் உதவும். மிகுதியாகச் சுருங்கும்.
- ரேயான்: மென்மையாகத் தொங்கும். பருத்தியைவிடக் கூடுதலாகச் சுருங்கக்கூடும்.
- பாலியெஸ்டர்: சுருங்குவது மிகக் குறைவு. வியர்வையை உறிஞ்சாது.
- பட்டு: நீரில் ஊறவைக்கக் கூடாது. சரிகைப் பட்டில் கூடுதல் கவனம் தேவை.

கடையில் பார்க்க வேண்டியவை

துணியை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நூல் விட்டுப்போன இடங்கள், நெசவுப் பிசிறுகள், சிறு துளைகள் தெரியும். ஒரு மூலையைக் கையில் கசக்கிவிட்டால் அது எவ்வளவு சுருக்கம் கொள்ளும் என்பது தெரியும். கசக்கும்போது வெண்பொடி உதிர்ந்தால் கஞ்சி மிகுதி. துவைத்தபின் துணி மெலிந்துவிடும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஓர் ஓரத்தைத் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என அறியலாம். அச்சிட்ட துணியில் கோடுகளும் கட்டங்களும் ஓரக்கரைக்கு நேராக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அச்சே சாய்ந்திருந்தால் எந்தத் தையலாலும் அதை நேராக்க முடியாது.

கைத்தறித் துணியில் 2006-இல் அறிமுகமான கைத்தறி முத்திரையும், பட்டில் 2004-இல் அறிமுகமான சில்க் மார்க் முத்திரையும் உள்ளனவா எனப் பார்க்கலாம். சந்தையில் கட்பீஸ் வாங்கும்போது துணியின் அகலத்தையும் நீளத்தையும் அங்கேயே அளந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க இயலாது.

எவ்வளவு வாங்குவது

பொதுவாகத் துணி 36, 44, 58 அங்குல அகலங்களில் கிடைக்கிறது. அகலம் தெரியாமல் மீட்டர் கணக்கு மட்டும் போடுவது பிழையில் முடியும். 17 அங்குல அகலமும் 27 அங்குல நீளமும் கொண்ட தலையணைகளுக்கு இரண்டு உறை தைப்பதாகக் கொள்வோம். ஓர் உறையின் நீளத்துக்கு இருபுறமும் 54 அங்குலம், உள்மடிப்புக்கு 6 அங்குலம், ஓர மடிப்புக்கு 2 அங்குலம் என 62 அங்குலம், அதாவது ஏறத்தாழ 158 செ.மீ. வேண்டும். துணி 4 விழுக்காடு சுருங்குமானால் 165 செ.மீ. வாங்க வேண்டும். அகலத்தில், தையலுக்கு விடுவதையும் சேர்த்து ஓர் உறைக்கு 18 அங்குலம் ஆகும். 36 அங்குலத் துணியில் இரண்டு உறைகள் அடங்கும் என்று கணக்கு சொல்லும். நனைத்தபின் அதே துணி 35 அங்குலமாகிவிட்டால் இரண்டாவது உறைக்குத் துணி போதாது. 44 அங்குலத் துணி வாங்குவதே சரி.

துணி ஏன் சுருங்குகிறது

தறியிலும் ஆலையிலும் நூல் இழுத்துப்பிடித்த நிலையிலேயே இருக்கிறது. நீர் பட்டதும் பருத்தி நூல் ஊறிப் பருக்கிறது. ஒன்றையொன்று தாண்டி வளைந்து செல்லும் நூல்கள் மேலும் வளைய வேண்டியிருப்பதால் துணியின் நீளம் குறைகிறது. பாவு நூலில்தான் இழுவிசை மிகுதி என்பதால், சுருக்கமும் வழக்கமாக நீளவாக்கிலேயே கூடுதல். ஆலையிலேயே துணியை முன்கூட்டிச் சுருக்கும் முறையை அமெரிக்கரான சான்ஃபோர்டு குளுவெட் உருவாக்கினார்; அவர் பெயரால் அத்தகைய துணி 'சான்ஃபரைஸ்டு' எனப்படுகிறது. சாதாரண பருத்தித் துணி 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்குவது இயல்பு.

தயாரிக்கும் முறை

1. வெட்டிய இரு முனைகளிலும் நூல் பிரியாதிருக்க ஒரு தையல் ஓட்ட வேண்டும்.
2. துணியின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.
3. பருத்தித் துணியைச் சாதாரண நீரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். அடர்நிறத் துணிகளைத் தனித்தனிப் பாத்திரங்களில், சில மணி நேரம் மட்டும் நனைத்தால் போதும். தைத்த உடை இயந்திரத்தில் துவைக்கப்படும் எனில், துணியையும் ஒருமுறை அவ்வாறே துவைத்துவிட வேண்டும்.
4. முறுக்கிப் பிழியாமல் நீரை வடியவிட்டு, நிழலில் உலர்த்த வேண்டும்.
5. லேசான ஈரம் இருக்கும்போதே பாவுத் திசையில் இஸ்திரி போட வேண்டும்.
6. மீண்டும் அளக்க வேண்டும். 100 செ.மீ. துணி 96 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 4 விழுக்காடு.
7. இரண்டு ஓரக்கரைகளையும் சேர்த்து மடிக்க வேண்டும். மடிப்பு நெளிந்தால் துணி கோணியுள்ளது என்று பொருள். குட்டையான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் இருவர் பிடித்து மெல்ல இழுத்தால் நேராகும்.

உப்பு அல்லது வினிகர் கலந்த நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது பரவலான நம்பிக்கை. கடையில் வாங்கும் பெரும்பாலான பருத்தித் துணிகளில் இது பயன்தருவதில்லை. ஒட்டாத உபரிச் சாயம், நீர் தெளியும்வரை பலமுறை அலசினால்தான் நீங்கும். அதன் பிறகும் நீர் நிறம் மாறிக்கொண்டே இருந்தால், அத்துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைக்கக் கூடாது.

லைனிங் துணி

வீட்டுத் தையலில் மிகுதியாக நேரும் இழப்பு பட்டு ரவிக்கையில் ஏற்படுகிறது. மேல்துணி பட்டு என்பதால் நனைக்கப்படுவதில்லை. உள்ளே வைக்கும் பருத்தி லைனிங்கையும் நனைக்காமல் வெட்டிவிடுகின்றனர். வியர்வைக்காக ஒருமுறை அலசியதும் லைனிங் சுருங்க, பட்டு அப்படியே இருக்கிறது. 15 அங்குல உயரமுள்ள ரவிக்கையில் 5 விழுக்காடு என்பது முக்கால் அங்குலம். 36 அங்குலச் சுற்றளவில் 3 விழுக்காடு என்பது ஓர் அங்குலத்துக்கும் மேல். ரவிக்கை முழுவதும் கொசகொசவென்று சுருங்கி, கொக்கி போட முடியாமல் போகிறது. ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கையானால், துணி விலையைவிடப் பல மடங்கு கூலியும் அதோடு வீணாகும். ஓர் இரவு ஊறவைத்திருந்தால் இழப்பே இல்லை.

புடவை ஃபால்ஸ், பாவாடை நாடா, காலருக்கு வைக்கும் பருத்திப் பட்டை ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும். உடையில் சேரும் ஒவ்வொரு துண்டையும், அது மறைந்திருப்பதாயினும், முதலில் நனைத்து உலர்த்திய பின்பே வெட்ட வேண்டும். நீர் படக்கூடாத பட்டையும் சரிகைத் துணியையும் மட்டும், மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு வெட்டலாம்.