மார்கழியிலும் ஜன்னலைத் திறங்க!

தருமபுரியில் மார்கழி, தை வந்தால் குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். வத்தல்மலைப் பக்கம் கேட்கவே வேண்டாம். அந்தச் சாத்திய அறைக்குள்தான் நம் பெண்கள் கண்ணாடி ஓவியம் தீட்டுவதும், மரப் பொம்மைக்கு வார்னிஷ் அடிப்பதும்! தலையை வலித்தால் "பனி ஒத்துக்கலை" என்று தைலம் தடவுகிறோமே தவிர, தின்னர் நெடியைச் சந்தேகிப்பதில்லை.

தின்னர், டர்பென்டைன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ரொம்பக் கவனம் வேண்டும். முகத்தில் கட்டும் துணி தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

"எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாச்சே!" என்பார்கள். சரி, கதவிடுக்கில் சாக்கைச் செருகிவிட்டால் உள்ளே வர ஏது காற்று? ஃபேன் சும்மா சுற்றும், கரண்ட்டுக்குத்தான் கேடு. எதிர்ப்பக்க ஜன்னல் நாலு விரற்கடையாவது திறந்திருக்கணும். மேஜையை ஃபேனை ஒட்டிப் போட்டு, திறந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். முதுகுக்கு ஒரு சால்வை போதும். புட்டியைத் திறக்கும் முன்னே ஊதுபத்தி கொளுத்தி, புகை ஃபேன் பக்கம் போகிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள்.

நிறைய வார்னிஷ் வேலை என்றால் ஃபேன் வேண்டாம். மோட்டார் பொறி பட்டால் ஆவி பற்றிக்கொள்ளும். பத்து மணிக்குத்தான் வெயில் சுள்ளென்று அடிக்கிறதே, திண்ணைக்கு வாருங்கள். காய்வதும் அங்கேயே காயட்டும்.

குளிருக்கென்று அறைக்குள் கரியடுப்பு மட்டும் வைக்காதீர்கள். தின்னர் பக்கத்தில் நெருப்பே ஆகாது. கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கோ வாசனையே கிடையாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இருவர் எழுந்திருக்கவே இல்லை.