படபடத்தால்தான் காதலா?

குற்றாலச் சாரலோடு என் தென்காசி வைத்தியசாலைக்கு ஓர் அம்மா மகளோடு வந்தார். "டாக்டரய்யா, வர்ற வரனையெல்லாம் வேண்டாங்கிறா. கேட்டா, பார்த்ததும் மனசு படபடக்கலையாம்!"

பெண் காதல் தொடர்கதைகளாக வாசிப்பாளாம். நானும் 1964-ல் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' ரசிகன்தான். பணக்காரக் கிழவர் வேஷத்தில் முத்துராமன் பாலையாவை ஏமாற்றும்போது வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். நிஜத்தில் ஒருவர் அப்படி வந்து பெண் கேட்டால்? போலீஸுக்குத்தான் ஓடுவோம்!

படபடப்பு பயத்திலும் வரும், ரத்தசோகையிலும் வரும். நாலு டம்ளர் காபி குடித்தாலும் வரும்.

"யார்கிட்ட பேசினா நேரம் போறதே தெரியலைம்மா?" என்றேன்.

தயங்கினாள். "ஆபீஸ்ல ஒருத்தர்... ஆனா அவர்கிட்ட பேசும்போது படபடப்பே வராது டாக்டர்."

அம்மாவுக்கு நாடி பார்க்க வேண்டியதாயிற்று.