முகாமின் பின்வாசல் திறந்திருக்கிறது, வாங்க!

வாசல் பக்கம் போகாதீர்கள். அங்கே பேனர் கட்டியாகிவிட்டது, சிறப்பு விருந்தினரின் நாற்காலியில் புதுத் துண்டு விரித்தாகிவிட்டது, மைக்கைத் தட்டி 'ஹலோ, ஹலோ' சொல்லியாகிவிட்டது. அதெல்லாம் நாளைக்குச் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் வந்துவிடும். நாம் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவோம். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் புகை எழுகிறது பாருங்கள், அங்கேதான்!

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக ஒகேனக்கல் போகும் சாலையில், தொழிற்பேட்டை லாரிகளெல்லாம் பின்தங்கி, காடு இரண்டு பக்கமும் நெருங்கிவரும் இடத்தில் இருக்கிறது அஞ்செட்டி. அதற்குப் பக்கத்தில் மலையடிவாரக் கிராமம் ஒன்றின் தொடக்கப்பள்ளி. காலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறை. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமுக்குப் பெயர் கொடுத்து, ஜமுக்காளமும் தட்டும் டம்ளரும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிய ஓசூர்ப் பள்ளியின் பதினோராம் வகுப்புப் பெண்களில் நானும் ஒருத்தி. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இப்போதும் மூச்சு வாங்கும். கேட்பவர்கள்தான் பாவம், கொஞ்சம் வேகமாகக் கேட்க வேண்டியிருக்கும்.

முதலில் அடுப்படி. இங்கேதான் முகாமின் மொத்த உயிரும் இருக்கிறது. சமைக்க ஊரிலிருந்து ஓர் அக்கா வருவார். அவருக்குக் கீழே அன்றைய உணவுக் குழு. முதல் நாள் மதியம் களி. வகுப்பில் வேதியியலில் நூறு வாங்குகிறவள் கரண்டியோடு முன்னால் வந்தாள். அண்டாவில் தண்ணீர் கொதிக்கிறது, நொய் வெந்துகொண்டிருக்கிறது. மாவைக் கொட்டியதும் இவள் கிண்டிவிட்டாள். அவ்வளவுதான், கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கட்டி! அப்போது பின்னாலிருந்து ஒருத்தி வந்தாள். விடுதியில் தங்கிப் படிக்கிறவள், மலைக் கிராமத்துப் பெண், மாதக்கணக்கில் ஒரே வகுப்பில் இருந்தும் அவள் குரலை நாங்கள் வருகை சொல்லும்போது மட்டும்தான் கேட்டிருந்தோம். "மாவைக் கொட்டினா உடனே கிண்டக்கூடாது. நடுவுல குழி போட்டு அப்படியே கொதிக்க விடணும். சத்தம் மாறும், அப்பத்தான் துடுப்பு" என்றாள். இரண்டாவது அண்டா அவள் பொறுப்பு. ஒருத்தி கவைக்கட்டையால் பாத்திரத்தை அழுத்திப் பிடிக்க, அவள் துடுப்பைப் போட்டுச் சுழற்றிய வேகத்தில் நாங்கள் எல்லோரும் வாய் பிளந்து நின்றோம். ஈரக் கையால் உருட்டி உருட்டித் தட்டில் வைத்தாள். பளபளவென்று, ஒரு கட்டி இல்லாமல்! அவரைக்கொட்டைக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று ஓசூர்ப் பெண்களுக்கு அவள் பாடம் எடுத்ததைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அந்த முகாம் முழுக்க இதுதான் நடந்தது. வகுப்பறையின் வரிசை அங்கே தலைகீழாகப் புரண்டது. முன் பெஞ்சு பின்னால் போனது, பின் பெஞ்சு முன்னால் வந்தது. மாலையில் 'ஆளுமைப் பண்புகள்' என்று யாராவது வந்து கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். நல்ல உரைகள்தான், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். ஆனால் பின்கட்டில் நடந்துகொண்டிருந்தது அதைவிடப் பெரிய விஷயம்.

திட்டத்தின் கதையையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. தொடங்கி வைத்த மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் காஞ்சிபுரத்தில் பிறந்த பொருளாதார அறிஞர். கல்லூரிகளுக்கென்று வந்த திட்டம் பிற்பாடு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் இறங்கியது, எங்கள் அதிர்ஷ்டம்! சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜில் கோனார்க் சூரியக் கோயிலின் தேர்ச்சக்கரம் இருக்கும். அதன் எட்டு ஆரங்களும் ஒரு நாளின் எட்டுச் சாமங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் தயார் என்று அர்த்தம். விடியற்காலை இருட்டில் விசில் அடித்து எழுப்பி, குழாயடியில் பல் தேய்க்க வரிசையில் நிற்க வைத்தபோது அந்த எட்டில் ஓர் ஆரத்தையாவது கழற்றி வைக்க முடியுமா என்று பலரும் ஏங்கினோம்.

இப்போது இன்னொரு ரகசியம். குழு பிரிப்பது எப்படி என்று தெரியுமா? காமராசர் அணி, கல்பனா சாவ்லா அணி, அப்துல் கலாம் அணி என்று காலையில் பெயர் படிக்கும்போது ஏதோ அகரவரிசையில் வந்தது போலத்தான் தோன்றும். கிடையவே கிடையாது! முந்தின நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் திட்ட அலுவலர் மிஸ் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை, தண்ணீர் குடிக்கப் போன சாக்கில் பார்த்தேன். ஒட்டிக்கொண்டே திரியும் தோழிகளைத் தேடித்தேடிப் பிரிக்கிறார். ஒவ்வோர் அணியிலும் மலையிலிருந்து கொஞ்சம் பேர், ஓசூரிலிருந்து கொஞ்சம் பேர். எங்கள் வகுப்பின் சேர்மானமே விசேஷமானது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று அப்பாக்களின் வேலைக்காகச் சேலத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஓசூருக்குக் குடிவந்த வீட்டுப் பெண்கள் ஒரு பாதி. அஞ்செட்டி, உரிகம், தளி பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியவர்கள் மறு பாதி. ஒரே அறை, நடுவில் கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால். மிஸ் அந்த டார்ச் வெளிச்சத்தில் வாய்க்காலை மூடிக்கொண்டிருந்தார்!

பிறகு ஒருநாள் சாரணர் இயக்கத்தின் கதையைப் படித்தபோது துள்ளிக் குதித்தேன். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலும் இதே வேலைதான்! பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளிலிருந்து கொஞ்சம் பேர், பக்கத்து ஊர்களின் உழைப்பாளி வீடுகளிலிருந்து கொஞ்சம் பேர், மொத்தம் இருபது சிறுவர் அளவில். ஓநாய், எருது, அண்டங்காக்கை, குதிரைமலைக்கோட்டான் என்று நான்கு அணி. அணிக்கொரு தலைவன், அவனும் சிறுவன்தான். ஆப்பிரிக்கக் குடு மானின் கொம்பை ஊதி எழுப்பினாராம். எங்களுக்கு விளையாட்டு மிஸ்ஸின் விசில். கொம்பு இருந்திருந்தால் இன்னும் ஜோராக இருந்திருக்கும்.

சரி, உச்சக்கட்டத்துக்கு வருவோம்: வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பு! அச்சடித்த படிவம், அட்டை, பேனா, தலையில் தொப்பி. வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் உண்டா. முதல் வீட்டிலேயே கதை முடிந்தது. நாங்கள் தமிழில் கேட்கிறோம், திண்ணையில் இருந்த பாட்டி கன்னடத்தில் பதில் சொல்கிறார். அடுத்த வீட்டில் தெலுங்கு. கர்நாடக எல்லையோரம் இப்படித்தான், ஒரே தெருவில் மூன்று மொழியும் சகஜமாகப் புழங்கும். எங்கள் அணித் தலைவி படிவத்தையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போது களி கிண்டிய அதே பெண் முன்னால் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து, "ஊட்டா ஆய்தா அஜ்ஜி?" என்று ஆரம்பித்தாள். சாப்பிட்டாச்சா பாட்டி! பாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ராகி எப்படி இருக்கிறது, மருமகள் எங்கே போனாள், எந்த ஊர்ப் பெண் நீ, உன் அம்மா யார் என்று பேச்சு ஓடியது. அதற்குள் படிவத்தின் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன, பாட்டிக்கே தெரியாது. அன்று மதியமே எங்கள் தலைவி தன் தலைமைப் பட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டாள். யாரும் சொல்லாமல், தானாக. நான் கைதட்டினேன், எல்லோரும் தட்டினார்கள்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: வீட்டுப் பெண்களுக்கு எந்த வயதில் திருமணம் ஆனது? இந்த மலைக் கிராமங்களில் பதினெட்டு ஆகாத பெண்ணைக் கட்டிக்கொடுப்பது இன்னும் நிற்கவில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. ஆனால் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு இதை நேராகக் கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று எங்கள் புதுத் தலைவிக்குத் தெரியும். அவள் கேட்டது வேறு: "உங்க வீட்டுப் பாப்பாங்க எத்தனாவது வரைக்கும் படிச்சாங்க?" அந்தப் பதிலிலேயே எல்லாம் வந்துவிடும். ஏழாவதோடு நின்றவள், எட்டாவதோடு நின்றவள். ஏன் நிறுத்தினீர்கள் என்று மெதுவாக அடுத்த கேள்வி. உயர்நிலைப் பள்ளி தூரம், காட்டுவழி, பஸ் இல்லை, சாயங்காலம் யானை. ஒரு வீட்டில் எங்களை விடச் சின்னவளாகத் தெரிந்த ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு கதவோரம் நின்று எங்கள் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களில் ஒருத்தி தொப்பியைக் கழற்றிக் குழந்தையின் தலையில் வைத்தாள். வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

அன்று ராத்திரி பின்கட்டில் பெரிய கூட்டம், ஆசிரியர்கள் இல்லாத கூட்டம்! கடைசி நாள் கலை நிகழ்ச்சிக்கு ஒரு சினிமாப் பாட்டு நடனம் தயாராகியிருந்தது. அதைத் தூக்கிவிட்டு நாடகம் போடுவது என்று முடிவானது. வசனம் மூன்று மொழியிலும். மாப்பிள்ளை வேஷத்துக்கு அடிதடி, மாமியார் வேஷத்துக்கு அதைவிடப் பெரிய அடிதடி. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எப்படிச் சொன்னால் ஊர்க்காரர்களுக்கு மறக்காது என்று நடுநிசி வரை வாதம். பத்து, ஒன்பது, எட்டு என்று கையால் எண்ணிக் காட்டினால் குழந்தைகள்கூடப் பிடித்துக்கொள்ளும் என்றாள் எப்போதும் தூங்கி வழியும் ஒருத்தி. என்ன மூளை!

யானையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அஞ்செட்டியைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கும் காடு. பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரிக் காடுகள் வழியாகக் கூட்டம் கூட்டமாக யானைகள் இறங்கும். ராகி பால் பிடித்து முற்றும் பருவம் அவற்றுக்கு விருந்து. அதனால் இருட்டுவதற்கு முன்னால் சுற்றுச்சுவருக்குள் வந்துவிட வேண்டும், கழிப்பறைக்குக்கூட நாலு பேராகத்தான் போக வேண்டும், டார்ச்சோடு. வனத்துறையினர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வெள்ளை நிறம் வேண்டாம், சத்தம் வேண்டாம், செல்ஃபி எண்ணமே வேண்டாம்.

ஒரு ராத்திரி தூரத்தில் வெடிச்சத்தம். வயலில் பரண் கட்டிக் காவல் இருப்பவர்கள் போடும் வெடி. ஓசூர்ப் பெண்கள் மொத்தப் பேரும் ஜமுக்காளத்துக்குள்! ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். மலைப் பெண்கள் எழுந்து உட்கார்ந்து காது கொடுத்தார்கள். "ஏரிப் பக்கம்தான். தள்ளி இருக்கு. காத்து அந்தப் பக்கம் அடிக்குது, இங்க வராது. லைட்டை மட்டும் அணைச்சிடுங்க" என்று அவர்களே எல்லோருக்கும் இடம் மாற்றிப் படுக்க வைத்தார்கள். பயந்தவர்கள் நடுவில், தாங்கள் ஜன்னலோரம். மிஸ் வந்து எட்டிப் பார்த்தபோது செய்வதற்கு எதுவும் பாக்கி இல்லை.

முகாமில் நாங்கள் தட்டிய மழைக் கைத்தட்டலை யாராவது கேட்டிருக்கிறீர்களா? ஒரு விரலால் உள்ளங்கையில் தட்ட வேண்டும், தூறல். இரண்டு விரல், மூன்று, நான்கு, பிறகு முழுக் கை, அடைமழை! பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசி நாள் நாடகம் முடிந்ததும் ஊர்ப் பிள்ளைகள் எங்களுக்கே அதைத் திருப்பித் தட்டினார்கள். வாரம் முழுக்க வேலியோரம் நின்று கற்றுக்கொண்டிருக்கிறார்கள், திருடர்கள்!

மேடையில் சான்றிதழ் வழங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பின்னால் என்ன நடந்தது தெரியுமா? பாதிப் பேர் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தோம். நட்டுவைத்த புங்கன் கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கு இரண்டு கன்று, கன்றின் பெயர் அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். பெயர் மைக்கில் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தியாகக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் வாங்கிவிட்டுத் திரும்பவும் சாம்பலுக்கு வந்தோம். புகைப்படங்களை உற்றுப் பார்த்தால் முழங்கை வரை கரி தெரியும்.

அதனால், பிள்ளைகளே, அடுத்த காலாண்டு விடுமுறையில் உங்கள் பள்ளியில் முகாமுக்குப் பெயர் கேட்டால் முதல் ஆளாகக் கையைத் தூக்குங்கள். டார்ச், கூடுதல் பேட்டரி, பழைய பெட்ஷீட், தேங்காயெண்ணெய், நகவெட்டி, அடி கனமான செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி தேவையில்லை, பார்க்க நேரம் இருக்காது. குழு பிரிக்கும்போது தோழியோடு போட்டுவிடுங்கள் மிஸ் என்று கெஞ்சாதீர்கள். உணவுக் குழுவில் இடம் கேட்டு வாங்குங்கள், முதல் நாளே, காலையிலேயே. அந்த இடத்துக்குத்தான் போட்டி அதிகம்!