ஜாமீன் கையெழுத்தும் ஒரு ஆம்ப்ளிஃபயரும்

"ஆபீஸ் சொசைட்டியில ஒன்றரை லட்சம் லோன் போடறேன். ஜாமீன் கையெழுத்து போடுடா!" என்று வந்து நின்றான் நண்பன்.

வீட்டு அட்வான்ஸா, குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸா என்று விசாரித்தால்... ஆம்ப்ளிஃபயராம்!

"இருக்கிறதே நல்லாத்தானேடா பாடுது?"

"அட போடா. கடையில புதுசைக் கேட்டேன். வயலின்காரர் பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கு!"

பேனாவைத் திறக்கும் முன் அவனுக்கு ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1985. பாப் கார்வர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகையிடம் ஒரு சவால் விட்டார். அவர்கள் மெச்சுகிற ஆம்ப்ளிஃபயர் மாதிரியே, தன்னுடைய மலிவு ஆம்ப்ளிஃபயரையும் பாட வைப்பதாக! அவர்கள் விலை உயர்ந்த வால்வ் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எடுத்து வைத்தார்கள். கெடு 48 மணி நேரம்.

மனிதர் செய்தது, நாம் பி.காமில் படித்த கழித்தல் கணக்குதான். இரண்டுக்கும் ஒரே பாட்டைக் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். மிச்சம் வருவதுதான் வித்தியாசம். உள்ளே மாற்றி மாற்றி, அந்த மிச்சத்தைக் கிட்டத்தட்ட பூஜ்யமாக்கினார். கடைசியில் ஆசிரியர்களாலேயே எது எது என்று சொல்ல முடியவில்லை!

1987-ல் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகையும் பேரைக் காட்டாமல் பல ஆம்ப்ளிஃபயர்களைக் கேட்க வைத்தது. கிடைத்தது, காசு சுண்டினால் வருகிற மார்க்!

அப்படியானால் கடையில் கேட்டது? சத்தம் ஒரு டெசிபல் ஏறினால் 'சத்தம் கூட' என்று தோன்றாது சார், 'நல்லா இருக்கு' என்றுதான் தோன்றும். காது அப்படி!

எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒன்றுதான் என்று சொல்லவில்லை. வாட்ஸ் போதாமல் திணறினாலோ, உறுமினாலோ, ஸ்பீக்கருக்குப் பொருந்தாவிட்டாலோ வித்தியாசம் நிச்சயம் கேட்கும்.

அவன் நம்பவில்லை. அவன் கேட்ட அதே மாடல் எங்கள் மேனேஜர் வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடன் வாங்கி வந்தோம். ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டிலும் வோல்டேஜ் ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் சமப்படுத்தினோம். அவன் பார்க்காமல், சீட்டுக் குலுக்கி நான் வயர் மாற்றினேன். பன்னிரண்டு முறை.

சரியாகச் சொன்னது ஏழு!

பத்து நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு, சுவரோடு ஒட்டியிருந்த ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னே இழுத்துப் போட்டேன். கடகடவென்றிருந்த பேஸ் அடங்கி, பாட்டு தெளிந்தது. சமையலறையிலிருந்து அவன் மனைவியே எட்டிப் பார்த்தாள்.

"புதுசு வாங்கிட்டீங்களா?"

மொத்தச் செலவு... மூன்று டம்ளர் காபி! லோன் பாரம் இன்னும் என் டிராயரில்தான் இருக்கிறது. கையெழுத்து இல்லாமல்.