இயந்திரத்தினுள் ஒரு காவலன்

பூட்டு என்பது கதவில் இருப்பது என்றே பலரும் கருதுவர். அமெரிக்க மோட்டார் வண்டிகளிலோ அது இயந்திரத்தினுள்ளேயே குடிபுகுந்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1986ஆம் ஆண்டுக் கோர்வெட் காரின் திறவுகோலில் சிறு மின்தடையொன்றைப் பதித்தது. அதன் அளவு 15 வகைகளுள் ஒன்று. அளவு பொருந்தாவிடில் வண்டி புறப்படாது. பின்னர் இத்தகைய காவல் அந்நிறுவனத்தின் லொறிகளுக்கும் வந்தது.

அந்நாட்டில் 1970களின் செவர்லே பிக்கப் லொறிக்கு, 1999இன் பின்னர் வந்த 5.3 லீற்றர் இயந்திரத்தைப் பொருத்துவோர் பலர். இயந்திரத்தோடு அதனை ஆளும் கணினியும் வந்து சேரும். திறவுகோலைத் திருப்பியதும் இயந்திரம் ஓரிரு விநாடி உறுமி அடங்கிவிடும். பெற்றோல் பம்பையும் பிளக்குகளையும் மாற்றிப் பார்த்துப் பணத்தை இழப்போர் உளர். பழுதோ அங்கில்லை. பழைய வண்டியின் பூட்டிலிருந்து வரவேண்டிய அனுமதிக் குறிப்பு வராமையால், கணினி எரிபொருளை நிறுத்திவிடுகின்றது. உரியவரையும் கள்வரையும் வேறு பிரித்தறிய அதற்கு இயலாது.

இதற்கு வழிகள் இரண்டு. இயந்திரத்தைக் கழற்றும்போதே அவ்வண்டியின் பூட்டு, திறவுகோல், காவற்கருவி ஆகியவற்றையும் உடன்கொணர்ந்து இணைப்பது ஒன்று. கணினியின் நிரலில் அச்சோதனையை வல்லுநர் மூலம் நீக்குவித்தல் மற்றையது. பின்னையது எளிது, ஆயின் லொறி காவலின்றி நிற்கும். எனவே பெற்றோல் பம்பின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் மறைவான சுவிச்சு ஒன்றையேனும் பொருத்துதல் வேண்டும். காவலனை விலக்குபவர் காவற்பொறுப்பைத் தாமே ஏற்கின்றார்.