கைப்பிடி தேய்ந்த ஜாடி

நகைப் பெட்டியையும் ஒரு பழைய மண்சட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டால், வருகிற திருடன் எதை எடுத்துப் போவான்? கேட்கவே வேண்டாம். எகிப்து தேசத்திலும் அப்படித்தான் நடந்தது. ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கல்லறைத் திருடர்கள் தங்கத்தையும் மணிகளையும் வாரிக்கொண்டு போனார்கள். பானைகளைச் சீந்தவே இல்லை. அவர்களுக்குப் பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்களும் வெகு காலம் வரையில் அதே புத்தியோடுதான் இருந்தார்கள். சிலை என்றால் ஓடி வருவார்கள். பானை ஓடு என்றால் மண்ணோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

அந்த ஓடுகளைக் குனிந்து பொறுக்கியவர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி. 1853-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தவர். பிரமிடுகளை அளப்பதற்காக 1880-ல் எகிப்துக்குக் கப்பலேறினார். 1892-ல் லண்டன் யூனிவர்சிடி காலேஜில் எகிப்திய ஆராய்ச்சிக்கு முதல் பேராசிரியர் ஆனார். அந்தப் பதவிக்குப் பணம் எழுதி வைத்துவிட்டுக் கண் மூடியவர் அமீலியா எட்வர்ட்ஸ் என்ற நாவலாசிரியை. இதை வாசகிகளிடம் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

1894-95 குளிர்காலத்தில், லக்ஸருக்கு வடக்கே நைல் நதியின் மேற்குக் கரையில், நகாதா என்ற ஊரருகே பீட்ரி தோண்டினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதைகுழிகள் வெளிப்பட்டன. பிரமிடு இல்லை, கல்வெட்டு இல்லை, அரசன் பெயரும் இல்லை. முழங்காலை மடக்கி, தூங்கும் குழந்தை மாதிரி ஒருக்களித்துக் கிடந்த எலும்புக் கூடுகள். சுற்றிலும் பானைகள். என்ன அழகான பானைகள்! உடல் செக்கச் செவேலென்றிருக்கும். வாய்ப் பக்கம் மட்டும் மை பூசினாற்போல் கறுப்பு. சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்தவை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

எகிப்தியரின் பாண்டங்கள் இப்படி இருக்காதே என்று யோசித்த பீட்ரி, இவை எங்கிருந்தோ படையெடுத்து வந்த ஒரு புது இனத்தாருடையவை என்று முடிவு கட்டி, 1896-ல் புத்தகமும் போட்டுவிட்டார். அது தப்பு. இவர்கள் வந்தேறிகள் அல்ல, எகிப்தின் முதல் அரசனுக்கும் முந்திய காலத்தவர்கள் என்று ஜாக் த மோர்கன் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்துக் காட்டினார். பீட்ரிக்கு முதலில் கசந்தது. பிறகு ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டதும் வேறொரு சங்கடம் முளைத்தது. அரசர்களே இல்லாத காலத்துக்கு வருஷக் கணக்கு ஏது? குழிகளோ ஒன்றன்மேல் ஒன்றாக இல்லாமல் பக்கம் பக்கமாகக் கிடந்தன. எது முந்தி, எது பிந்தி?

உங்கள் வீட்டுப் பழைய போட்டோ ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். படங்களில் தேதி இராது. ஆனாலும் ரவிக்கைக் கையின் நீளத்தையும் கொண்டையையும் பார்த்தே, 'இது அத்தை கல்யாணத்துக்கு முந்தி, இது அதற்கப்புறம்' என்று சொல்லிவிடுவீர்கள். பீட்ரி செய்ததும் அதுதான். ஒரு குழிக்கு ஒன்றாக ஏழு அங்குல நீள அட்டைத் துண்டுகள் சுமார் 900 எடுத்துக்கொண்டார். அந்தந்தக் குழியில் கிடைத்த பானைகளை ஒன்பது வகையாகப் பிரித்து அவற்றில் குறித்தார். ஒரே மாதிரிப் பானைகள் அடுத்தடுத்து வரும்படி துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினார். ஃபாஷன் என்பது போய்விட்டுத் திரும்பியும் வரக்கூடியது அல்லவா? ஆகவே ஒரே ஒரு வகையை நம்பாமல் ஒன்பதையும் சேர்த்துப் பார்த்தார். (கம்ப்யூட்டர் வந்த பிறகு கணித நிபுணர்கள் இந்தப் புதிரை எடுத்து வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள்!)

வரிசை கிடைத்தது. ஆனால் எந்த முனை ஆரம்பம்? அதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு ஜாடி. பாலஸ்தீனப் பக்கத்து ஜாடியைப் பார்த்துச் செய்தது. அதன் ஆதி உருவம் நல்ல குண்டு. இரண்டு பக்கமும் விரல் பதியும்படி நெளிநெளியாகக் கைப்பிடி. போகப் போக ஜாடி இளைத்தது. கைப்பிடி சிறுத்துச் சிறுத்து, பிடிக்கவே உதவாத வெறும் நெளி அலங்காரமாயிற்று. கடைசியில், குழாய் மாதிரி நின்ற ஜாடியில் ஒரு கோடு மட்டும் மிஞ்சியது. உதவிக்கென்று வைத்தது அலங்காரமாகத் தேயும். தேய்ந்த கோடு பிடியாக வளராது என்பது பீட்ரியின் வாதம்.

உள்ளே இருந்த பண்டமும் அதையே சொல்லிற்று. ஆரம்பத்து ஜாடிகளில் வாசனைக் கொழுப்பு இருந்தது. பிறகு கொழுப்போடு மண் சேர்ந்தது. அப்புறம் சுத்தமாக மண்ணேதான்! போன மனுஷர் எழுந்து வந்து திறந்து பார்க்கப் போகிறாரா என்ற தைரியம் போலும்.

1899-ல் இந்த முறையைப் பீட்ரி வெளியிட்டார். 30 முதல் 80 வரை எண்கள் கொடுத்தார். இவை வருஷங்கள் அல்ல. முன்பின் வரிசை மட்டுமே. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று பானை சொல்லாது. அதற்குக் கார்பன் சோதனை வர வேண்டியிருந்தது. வரிசையையும் பின்னால் வந்தவர்கள், முக்கியமாக 1957-ல் வெர்னர் கைசர் என்ற ஜெர்மானியர், பல இடங்களில் திருத்தினார்கள்.

அதெல்லாம் சரி, ஒன்றிலிருந்து ஆரம்பிக்காமல் ஏன் முப்பதிலிருந்து? இன்னும் பழைய பானைகள் என்றைக்காவது அகப்பட்டால் உட்கார இடம் வேண்டுமே என்று, பந்தியில் இலை போட்டு வைப்பதுபோல் முதல் 29 எண்களைக் காலியாக விட்டு வைத்தார்.

இருபத்தைந்து வருஷம் கழிந்தது. பதாரி என்ற ஊர்ப் பக்கத்தில் கை பிரண்டன் என்பவர் புதைகுழிகளைத் தோண்டி, சீப்பால் வாரிவிட்டாற்போல் மேலெல்லாம் மெல்லிய வரிகள் ஓடும் மெலிந்த பானைகளைக் கண்டெடுத்தார். முந்தியவையா, பிந்தியவையா? அருகிலிருந்த ஹெமாமியாவில் 1924-ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ஸன் என்ற பெண்மணி, பீட்ரியிடம் பயின்றவர், பழைய குடியிருப்பு ஒன்றை ஆறு அங்குலம் ஆறு அங்குலமாகச் சுரண்டிக்கொண்டே கீழே இறங்கினார். மேலே நகாதாப் பானை ஓடுகள் பீட்ரி சொன்ன வரிசையிலேயே வந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில் அந்த வரி ஓடிய ஓடுகள்.

பீட்ரி அப்போது உயிரோடுதான் இருந்தார். காலி இடத்தில் 21 முதல் 29 வரை பதாரிப் பானைகளுக்கு ஒதுக்கப்பட்டன. மீதி இருபதும் அப்படியே இருந்தன.