வகுப்பறையில் புதுக் கருவிகள்

திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் சாலையின் முடிவில் பொன்முடி இருக்கிறது. அங்கே உல்லாசப் பயணம் வருவோர் மூடுபனியையும் புல்வெளியையும் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். அம்மலைச் சரிவுகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களில், பல தலைமுறைகளுக்கு முன் வேலை தேடி வந்த தமிழரின் வழித்தோன்றல்களும் வாழ்கின்றனர். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம் என்று வளரும் அவர்களுடைய பிள்ளைகளின் நிலை, பிற மாநிலங்களில் குடியேறிய நேயர்கள் பலருக்கும் புதிதன்று. கணினியும் செயலியும் வகுப்பறைக்குள் வந்திருக்கும் இக்காலத்தில் அத்தகைய பிள்ளைக்குக் கிடைப்பது என்ன என்பதைச் சற்று ஆராய்வோம்.

பள்ளிக்கு வெளியிலிருந்து பாடம் வந்து சேர்வது நம் நாட்டில் புதுமையன்று. 1930-ஆம் ஆண்டில் ஒலிபரப்புத் தொடங்கிய சென்னை மாநகராட்சி வானொலி, மாநகராட்சிப் பள்ளிச் சிறுவர்களுக்கென இசைப் பாடங்களையும் கதைகளையும் அளித்தது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால், ஆறு மாநிலங்களில் ஏறக்குறைய 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் சென்றன. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே அமைந்த எஜுசாட் என்னும் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதைப் பயன்படுத்திக் கேரள அரசு அமைத்த விக்டர்ஸ் என்னும் கல்வித் தொலைக்காட்சியை, 2005 ஜூலையில் அந்நாளைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தார்.

இத்துறையில் கேரளத்தின் முயற்சி பாராட்டத்தக்கது. 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கிய திட்டம், பின்னர் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. விலை கொடுத்து உரிமம் வாங்க வேண்டிய மென்பொருள்களை விடுத்துக் கட்டற்ற மென்பொருள்களையே பள்ளிகளில் வழங்கினார்கள். 2018-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் 45,000 வகுப்பறைகளில் மடிக்கணினியும் படவீழ்த்தியும் வைக்கப்பட்டன. கருவியை மட்டும் வாங்கி அறையில் பூட்டி வைக்காமல் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்கள். வேறு பல இடங்களில் விட்டுப்போவது இந்தப் பின்பாதிதான்.

கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, 2020 ஜூன் 1-ஆம் தேதி, 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் பெயரில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே வகுப்புகள் தொடங்கின. தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லாத மாணாக்கர் சுமார் 2,60,000 பேர் என்று கணக்கெடுப்பில் தெரியவந்ததும், படிப்பகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பெட்டிகள் வைத்துப் பிள்ளைகளை அமர்த்தினார்கள். எனினும் மற்றோர் இடைவெளி எஞ்சியது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பாடம் மலையாளத்தில் இருந்தது. தமிழ், கன்னட வழி வகுப்புகள் பெரும்பாலும் யூடியூப் வழியே கிடைத்தன. தொலைக்காட்சி அலை மலையுச்சிக்கும் வரும். யூடியூபுக்கோ கைப்பேசியும், அதற்குப் பணமும், அலைவரிசை குன்றாத இடமும் வேண்டும். பள்ளத்தாக்கில் சமிக்ஞை கிடைக்காத தோட்டக் குடியிருப்பில், தாய்மொழிப் பாடத்தை அடைவதே அதிகக் கடினமாயிற்று.

'மலையாளமும் தமிழும் அக்கா தங்கை மொழிகள்தாமே, பிள்ளை எப்படியும் புரிந்துகொள்ளும்' என்று சிலர் கருதலாம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் அதற்கு உடன்பட மாட்டேன். முற்றிலும் தெரியாத சொல் எதிர்ப்பட்டால் பிள்ளை பொருள் கேட்கும். தெரிந்தது போலத் தோன்றும் சொல்லே ஏமாற்றுகிறது. கணக்குப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். பரப்பளவு, சுற்றளவு என்னும் சொற்கள் இரு மொழிகளிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆயின் மலையாளத்தில் 'சதுரம்' என்றால் நாம் செவ்வகம் என்று சொல்லும் வடிவம். நம் சதுரத்தை அவர்கள் 'சமசதுரம்' என்பார்கள். 'சதுரத்தின் பரப்பளவு' என்று திரையிலிருந்து ஒலிக்கும்போது, தமிழ்ப் பிள்ளை ஒரு பக்கத்தை அதே பக்கத்தால் பெருக்கிவிட்டு விடை தவறாவது ஏன் என்று அறியாமல் விழிக்கும். பதிவு செய்த பாடம் அந்த விழிப்பைக் காணாது, மேலே சென்றுவிடும்.

அதே கருவி ஓர் ஆசிரியர் கையில் இருந்தால் நிலைமை வேறு. கேரளப் பள்ளிகளில் பழக்கத்திலுள்ள ஜியோஜீப்ரா என்னும் செயலியில் ஒரு செவ்வகம் வரைந்து, அதன் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தால் அது நீளும், குறுகும். நான்கு பக்கங்களும் சமமாகும் கணத்தில் சதுரமாகிவிடும். பக்கத்தில் ஓடும் எண்களும் உடனுக்குடன் மாறும். ஆசிரியர் அந்தக் கணத்தில் இழுப்பதை நிறுத்தி, 'இதற்கு உங்கள் வீட்டு மொழியில் என்ன பெயர்?' என்று கேட்டால், இரண்டே நிமிடத்தில் குழப்பம் தீர்ந்துவிடும். கரும்பலகையில் இதைக் காட்டப் பத்துப் படம் வரைய வேண்டும். செயலியின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்பேன். வண்ணப் படமும் கைதட்டல் ஓசையும் அளித்துச் சிறுவரைத் தனியே உட்கார வைக்கும் விளையாட்டுச் செயலிகளுக்கு நான் அவ்வளவு மதிப்புத் தருவதில்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இன்று சில வாய்ப்புகள் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் பாடத்துடன் காணொளியை இணைக்கும் குறியீடுகளும் அச்சாகியுள்ளன. (அலுவலகத் தமிழில் அதை 'விரைவுக் குறியீடு' என்று எழுதினாலும், கடைத்தெருவில் 'க்யூஆர் கோடு' என்றால்தான் விளங்கும்.) 2023-இல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை வெளியிட்ட 'மணற்கேணி' என்னும் செயலியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான பாடங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. தமிழ் மொழியை மட்டும் கற்க விரும்புவோர்க்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் அளிக்கும் 'ஃபெட்' அறிவியல் சோதனைகள் பலவற்றைத் தமிழில் பெறலாம். அவற்றை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமின்றியே இயக்கலாம்.

அந்தக் கடைசி வசதியை மலைவாழ் பள்ளிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். நகரத்தில் வாரம் ஒருமுறை பாடங்களைச் சிறு நினைவகத்தில் நிரப்பி, பேருந்தில் ஏறும் ஆசிரியர் கையில் கொடுத்தனுப்பினால் போதும். 22 வளைவுகளிலும் சமிக்ஞை கிடைக்க வேண்டியதில்லை. புதிதாக எந்தச் செயலியையும் வாங்குமுன், கைப்பேசியின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு அதை ஒருமுறை திறந்து பாருங்கள். பிறகு பிள்ளையை அருகே அழைத்து, திரையில் வரும் சொற்களுள் ஐந்தைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் தன் சொற்களில் பொருள் சொல்லச் சொல்லுங்கள்.